எல்லாம் புழுவெட்டு அல்ல



தலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி உதிர்ந்துவிட்டால் நம் தேவாரத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: புழுவெட்டு. வைத்தியமும் ஏறக்குறைய ஒன்றுதான். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பார்கள். ஆற்றுத்தும்மட்டிக் காய் கிடைத்தால் அதை வெட்டித் தேய்ப்பார்கள். அதற்கும் கேட்காவிட்டால் மிளகும் உப்பும் வெங்காயமும் சேர்த்து அரைத்துப் பூசுவார்கள். தேய்த்தவர்களில் பலருக்கு முடி முளைத்தும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பெயரும் இந்த வைத்தியமும் நன்னிமார் காலத்திலிருந்து அசையாமல் நிற்கின்றன.

ஆனால் மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிறவர்களில் சிலருடைய தலையில் இருப்பது புழுவெட்டு அல்ல. தலைத்தோலில் அரிதாக வரும் வேறு நோய்கள் இருக்கின்றன. அவற்றில் சில, முடியை உதிர்ப்பதோடு நிற்காமல் மயிர்க்காலையே அழித்துவிடும். அழிந்த இடத்தில் எந்த எண்ணெயும் எந்த ஊசியும் முடியைத் திருப்பித் தராது. அழிவதற்கு முன்பு போனால் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது சில மாதங்கள்தான். அந்த மாதங்களை நாம் வெங்காயத்திலும் வெட்கத்திலும் கழித்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் உண்மையான புழுவெட்டு எது என்று பார்த்துவிடுவோம். அதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நோயை எதிர்க்க அல்லாஹ் நம் உடம்பில் வைத்திருக்கும் காவல் அணுக்கள், மயிர்க்காலை அந்நியன் என்று தவறாக எண்ணித் தாக்குகின்றன. முடி கொட்டுகிறது. தோல் வழவழப்பாக இருக்கும். அரிப்போ செதிலோ பெரிதாக இருக்காது. நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வரக்கூடியது, ஆகவே அரிதும் அல்ல. ஒன்றிரண்டு வட்டங்களோடு நின்றால் கணிசமானவர்களுக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடும். அந்த நேரத்தில் யார் எதைத் தேய்த்துக்கொண்டிருந்தாரோ, பெயர் அதற்குப் போய்விடுகிறது. வெங்காயத்தின் புகழ் இப்படி வந்ததுதான்.

தூரும் தட்டையும்

மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஏலச்செடியின் தட்டையை வெட்டினாலும் காற்றில் சாய்ந்தாலும் கவலையில்லை. மண்ணுக்குள் கிழங்கு நன்றாக இருந்தால் தூரிலிருந்து மறுபடி கிளம்பிவிடும். கிழங்கே அழுகிவிட்டால் மேலே எத்தனை உரம் போட்டாலும் அந்தத் தூர் போனதுதான். முடியும் அப்படியே. தோலுக்குள் மயிர்க்காலின் நடுப்பகுதியில், முடியைச் சிலிர்க்க வைக்கும் சிறு தசை வந்து சேரும் இடத்தில், புது முடியை உண்டாக்கும் தாய் அணுக்கள் இருக்கின்றன. புழுவெட்டில் தாக்குதல் நடப்பது அதற்குக் கீழே, முடியின் அடிக்குமிழில். தாய் அணுக்கள் பிழைத்துக்கொள்கின்றன. நாம் சொல்ல வந்த மற்ற நோய்களில் வீக்கம் அந்தத் தாய் அணுக்களின் இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. அவை அழிந்ததும் அந்தத் துளை மூடி, வடுவாகிவிடுகிறது. மருத்துவர்கள் இதை வடு விழும் வழுக்கை என்று பிரித்துச் சொல்வார்கள்.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நல்ல வெயில் வெளிச்சத்தில், எண்ணெய் இல்லாத தலையில், முடி போன இடத்தை இன்னொருவர் உற்றுப் பார்க்க வேண்டும். புள்ளி புள்ளியாக மயிர்த்துளைகள் தெரிகின்றனவா? தெரிந்தால் ஓரளவு ஆறுதல். துளையே தெரியாமல் தோல் மெழுகு தடவியதுபோல் பளபளத்தால், அல்லது அந்த இடம் சற்றுக் குழிந்து, நிறம் வெளுத்து, ஓரம் கறுத்திருந்தால், அல்லது எரிச்சல், வலி, செதில், சீழ் இருந்தால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட உதவும். பெண்களின் படத்தை வீட்டுப் பெண்களே எடுத்து அவர்களே வைத்திருக்கட்டும், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அது தேவையில்லை.

தலையை மூடும் நமக்கு

நம் பெண்கள் தலையை மூடுகிறவர்கள். அது இபாதத். ஆனால் மூடிய தலைக்குள் நோய் வளர்வதை வெளியார் மட்டுமல்ல, வீட்டாரும் பார்ப்பதில்லை. ஒரு சகோதரி இரண்டு வருடம் தலையில் ஒரு வட்டத்தைச் சுமந்திருந்தார். கூடப்பிறந்த அக்காவுக்குக்கூடத் தெரியாது. திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் தாயும் மகளும் மட்டும் அறிந்து வைத்திருந்த இரகசியம். வெங்காயம் தேய்த்து, தோல் புண்ணாகி, பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு ட்யூபைத் தடவி, கடைசியில் காதுமடலின் குழிவிலும் கன்னத்திலும் அதேபோல் கறுத்த தடிப்பு வந்த பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனார்கள். சோதனையில் அது லூபஸ் என்று தெரிந்தது. தலையில் அந்த இடத்தில் முடி இனி வராது. கன்னத்திலும் காதிலும் பரவியது மருந்தில் நின்றது, அல்ஹம்துலில்லாஹ்.

தலைநோவை வெட்கமாக நம் மார்க்கம் பார்க்கவில்லை. ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் நபித்தோழர்கள் இஹ்ராமில் இருந்தார்கள். இஹ்ராமில் முடியை நீக்கக் கூடாது. கஅப் பின் உஜ்ரா (ரலி) அவர்கள் பாத்திரத்தின் கீழ் நெருப்பு மூட்டிக்கொண்டிருக்க, தலையிலிருந்து பேன்கள் முகத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன. நபி (ஸல்) அவர்கள் அதைப் பார்த்தார்கள், துன்பம் தருகிறதா என்று அவர்களே கேட்டார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 196-ஆம் வசனத்தில் தலையில் துன்பம் உள்ளவருக்குச் சலுகை இறங்கியது. தலையை மழித்துக்கொண்டு, பரிகாரமாக மூன்று நாள் நோன்போ, ஆறு ஏழைகளுக்கு உணவோ, ஓர் ஆட்டைக் குர்பானியோ கொடுக்கலாம் என்று ஆனது. இத்தனை பேர் நடுவில் ஒருவரின் தலையைப் பார்த்துக் கேட்ட அந்தக் கேள்வியை, நம் வீட்டில் மகளிடமும் மருமகளிடமும் நாம் கேட்கிறோமா?

இன்னொன்றும் இருக்கிறது. நோயில் முடி உதிர்ந்துபோன தம் மணப்பெண்ணுக்கு வேறு முடியைச் சேர்க்கலாமா என்று ஒரு தாய் கேட்டதும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்ததும் ஹதீஸில் வருகிறது. சவுரி வைத்து மறைக்கும் வழி நமக்கு இல்லாதபோது, உள்ள முடியைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரம் நமக்கு மற்றவர்களைவிட அதிகம். செயற்கை இழைகளைப் பற்றிக் கேட்பவர்கள் உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.

எந்தெந்த நோய்கள்

லூபஸ் என்பது லத்தீனில் ஓநாய். கடித்துக் குதறியதுபோல் தழும்பு விழும் என்பதால் பழைய மருத்துவர்கள் வைத்த பெயர். தோலோடு நிற்கும் வகை ஒன்று, உள் உறுப்புகளையும் தாக்கும் வகை ஒன்று. தலையில் தழும்பு போடுவது பெரும்பாலும் தோல் வகைதான். வட்டமான தடிப்பு, நடுவில் வெளுப்பு, ஓரத்தில் கறுப்பு, மேலே ஒட்டிக்கொண்ட செதில். அந்தச் செதிலை உரித்தால் அடிப்பக்கம் சின்னச் சின்ன முள் நீட்டிக்கொண்டிருக்கும், அவை மயிர்த்துளைகளை அடைத்திருந்த செதில்கள். பெண்களுக்கு அதிகம். வெயில் பட்டால் கூடும். தோட்ட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிற பெண்கள் முகத்தையும் காதையும் வெயிலிலிருந்து காப்பது இவர்களுக்கு மருந்தின் பாதி. இது தொற்று நோய் அல்ல, ஒரே தலையணையில் படுத்தாலும் ஒட்டாது. சிலருக்கு மட்டும் பின்னாளில் உடம்புக்குள் போகக்கூடும் என்பதால் மூட்டு வலி, காய்ச்சல், வாய்ப்புண், கால் வீக்கம் வந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மாத்திரை பெரும்பாலும் தருவார்கள். மலேரியா மாத்திரையைத் தந்துவிட்டார்கள் என்று சிலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மலேரியாவுக்காகத் தொடங்கியதுதான், ஆனால் லூபஸுக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் மருந்து. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும், கண் பரிசோதனையும் அவ்வப்போது செய்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டு மருத்துவமனைகளில் வடு விழும் வழுக்கைக்கு லூபஸோடு சேர்த்து அதிகம் காணப்படும் இன்னொரு காரணம் லைக்கன் பிளானோபைலாரிஸ். பெயர் வாயில் நுழையாது, நுழைய வேண்டியதும் இல்லை. உச்சந்தலையில் எரிச்சலும் அரிப்பும் தொட்டால் வலியும் இருக்கும். மிச்சமிருக்கும் முடிகளின் அடியில் ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பும் சின்னச் செதிலும் இருக்கும். இதன் ஒரு கிளை முன்நெற்றியில் வரும். 1994-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஸ்டீவன் கோசார்ட் என்ற மருத்துவர், மாதவிடாய் நின்ற ஆறு பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். நெற்றி முடிக்கோடு மெல்ல மெல்லப் பின்வாங்கும், புருவமும் மெலியும். வயதாகிவிட்டது என்று நினைத்து யாரும் கவலைப்படுவதில்லை. நம் பெண்களிடம் இதற்கு இன்னொரு குழப்பம் உண்டு. இறுக்கிப் பின்னுவதாலும், முக்காட்டை முன்நெற்றியில் இழுத்து ஊசி குத்துவதாலும் அதே இடத்தில் முடி மெலியும். அது இழுவையால் வருவது, ஆரம்பத்தில் இறுக்கத்தைத் தளர்த்தினாலே திரும்பிவிடும், பல ஆண்டு இழுத்தால் அதுவும் நிரந்தரமாகிவிடும். முடிக்கோட்டோடு புருவமும் மெலிந்தால், அல்லது எரிச்சல் இருந்தால், குறை முக்காட்டில் இல்லை.

ஆண்களுக்கு வருவதில் இரண்டை மட்டும் சொல்கிறோம். ஒன்று, வாலிபர்களின் தலையில் கட்டி கட்டியாகக் கிளம்பி, ஒன்றை அழுத்தினால் இன்னொன்றின் வாயில் சீழ் வருவது. தோலுக்கடியில் கட்டிகள் ஒன்றோடொன்று சுரங்கம்போல் இணைந்திருப்பதால் அப்படி. சூட்டுக் கட்டி என்று அழுத்தி அழுத்தி விட்டால் தழும்பு பரவும். மற்றொன்று, பிடரியில் மிக ஒட்ட மெஷின் போடுகிறவர்களுக்கு வரும் பருக்கள் நாளடைவில் கெட்டித் தழும்பாவது. இதற்கு முதல் வைத்தியம், பிடரியில் ஒட்ட வெட்டுவதை நிறுத்துவது. பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

பிள்ளைகளும் பள்ளிவாசல் தொப்பியும்

பிள்ளைகளுக்கு வருவதில் நாம் அதிகம் கவலைப்படுவது படர்தாமரைப் பூஞ்சை தலையில் இறங்குவதுதான். உடம்பில் வருவது அரிதல்ல, தலையில் வந்து கெரியன் என்ற நிலைக்குப் போவது குறைவு. தேன்கூட்டுக்குக் கிரேக்கச் சொல் அது. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் தம் மருத்துவ நூலில் எழுதிய நோய், இன்றும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. தலையில் மெத்தென்று ஒரு மேடு எழும்பும், அழுத்தினால் பல துளைகளிலிருந்து சீழ் கசியும், கழுத்தில் நெறி கட்டும், பிள்ளைக்குக் காய்ச்சலும் வரலாம். பார்க்கிறவர்கள் சீழ்க்கட்டி என்று கத்தி வைத்துக் கீறிவிடுவார்கள். இது கீறக் கூடாத கட்டி. உள்ளே இருப்பது பூஞ்சைக்கு எதிராக உடம்பு கிளப்பும் வீக்கம். கீறினால் ஆறாது, தழும்பு மட்டும் கூடும். வாய்வழி மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் முடி திரும்ப வரும், தாமதித்தால் அந்த இடம் வடுவாகிவிடும். வெறும் களிம்பு போதாது, ஏனென்றால் பூஞ்சை முடியின் தண்டுக்குள்ளும் வேரடியிலும் இருக்கிறது, களிம்பு அங்கே இறங்காது. இதே குடும்பத்தில் ஃபேவஸ் என்று ஒன்று உண்டு. மஞ்சள் நிறக் கிண்ணங்கள்போல் பொருக்கு கட்டி, எலி வாடை அடித்து, தழும்பில் முடியும். நம் நாட்டில் காஷ்மீரில்தான் அது அதிகம் பதிவாகியிருக்கிறது.

இந்தப் பூஞ்சைக்கு மாத்திரை இல்லாத காலத்தில் பிள்ளைகள் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் சபூரோ என்ற மருத்துவர் எக்ஸ்ரே கதிரால் தலைமுடி முழுவதையும் உதிரவைத்து நோயைப் போக்கும் முறையைக் கொண்டுவந்தார். உலகம் முழுவதும் பரவியது. 1940-களின் பிற்பகுதியிலும் 1950-களிலும் இஸ்ரேலில், வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரின் தலைக்கு இந்தக் கதிரைப் பாய்ச்சினார்கள். அவர்கள் வளர்ந்த பிறகு தலையிலும் கழுத்திலும் கட்டிகள் அதிகம் வருவதை 1974-இல் வெளியான ஆய்வு காட்டியது. 1994-இல் அந்நாடு இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. இதற்கிடையில் 1939-இல் ஒரு பூஞ்சையிலிருந்தே பிரித்தெடுத்து வைத்திருந்த கிரைசியோஃபல்வின் என்ற பொருள், வாயால் கொடுத்தால் தலைப் பூஞ்சையைக் குணமாக்கும் என்று 1958 வாக்கில் தெரியவந்தது. எக்ஸ்ரே முறை அதோடு ஓய்ந்தது. இன்று அந்த மாத்திரை விலை மலிவு. பாலோடு அல்லது சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் நன்றாகச் சேரும். ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும், இரண்டாம் வாரத்தில் நன்றாகிவிட்டதுபோல் தெரிந்தாலும்.

பூஞ்சையின் துகள்கள் சீப்பு, தலையணை உறை, துண்டு, தொப்பி இவற்றில் பல நாள் உயிரோடு தங்கும். பள்ளிவாசல் வாசலில் பொதுத் தொப்பிக் கூடை வைத்திருக்கிறோம். மக்தப் பிள்ளைகள் அவசரத்தில் அதில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடுவது வழக்கம். கூடையைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் யார் அதைத் துவைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தத் தொப்பி வேண்டும், வாரம் ஒரு முறை துவைத்து வெயிலில் காய வேண்டும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் அதன் உடம்பில் முடி கொட்டிய வட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கவும், சில வகைப் பூஞ்சை பூனையிடமிருந்து பிள்ளைக்கு வரும்.

பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைப் பியெட்ரா என்று ஒன்று வருவதுண்டு. பியெட்ரா என்றால் ஸ்பானிய மொழியில் கல். முடித்தண்டைச் சுற்றி வெள்ளையாக, மிருதுவான சின்ன முடிச்சுகள் ஒட்டிக்கொள்ளும். ஈர் என்று நினைத்துப் பேன் மருந்து போட்டுப் போட்டுச் சலித்துப்போவார்கள். ஈர் முடியின் ஒரு பக்கத்தில் கெட்டியாக ஒட்டியிருக்கும், உருவ வராது. பியெட்ரா முடிச்சு முடியைச் சுற்றி இருக்கும், விரலால் உருவினால் பெரும்பாலும் கழன்று வரும். இதுவும் பூஞ்சைதான், ஆனால் முடிக்கு மட்டும், மயிர்க்காலை ஒன்றும் செய்யாது. நீளமான முடியை ஈரத்தோடு பின்னி, ஈரத்தோடே மூடி வைப்பது இதற்கு மிகவும் பிடித்த இடம். சாரல் காலத்தில் விடிகாலையில் தலைக்குக் குளித்துவிட்டு, ஜீப் வந்துவிட்டது என்று அப்படியே கொண்டைபோட்டு முக்காடிட்டு மலையேறுகிற சகோதரிகள் கவனிக்கவும். முடிந்தால் தலைக்குக் குளிப்பதை முந்தின நாள் மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், படுக்கைக்கு முன் காய்ந்துவிடும்.

ஏழாம் நாள்

பிறந்த பிள்ளைக்கு ஏழாம் நாள் அகீகா கொடுத்துத் தலைமுடி இறக்குகிறோம். பிள்ளையின் தலைத்தோலை முழுதாகப் பார்க்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பு அதுதான். கத்தி வைப்பதற்கு முன்பே தாயோ நன்னியோ நல்ல வெளிச்சத்தில் விரலால் முடியை விலக்கிப் பார்த்துவிட வேண்டும். இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, தோலே உருவாகாமல் பிறப்பது. ஆயிரக்கணக்கில் ஒரு பிள்ளைக்கு வரக்கூடியது, வருவதில் பெரும்பாலானவை தலையில், அதிலும் உச்சியில். மெல்லிய சவ்வு மூடிய புண்போல், அல்லது ஆறிய தழும்புபோல் இருக்கும். பிரசவத்தில் ஆயுதம் பட்டுவிட்டது என்று மருத்துவமனையோடு சண்டைக்குப் போனவர்களும் உண்டு. சின்னதாக இருந்தால் சில வாரங்களில் தானாக ஆறி, முடியில்லாத ஒரு தழும்பாக நின்றுவிடும். அந்த இடத்தில் கத்தி படக் கூடாது. அது தலையின் நடுக்கோட்டில் இருந்து, சுற்றிலும் வளையம்போல் கறுத்த முரட்டு முடி இருந்தால், அடியில் எலும்பிலும் மூளை உறையிலும் ஏதும் தொடர்பு இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் யாரும் தொடவே கூடாது.

மற்றொன்று, மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில், எலுமிச்சைத் தோல்போல், முடியே இல்லாத ஒரு பட்டை. ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய மூவருக்கு இருக்கும். 1895-இல் யாடசோன் என்ற மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரில் வழங்குகிறது. பிறவி மச்சத்தின் ஒரு வகை. பிள்ளைப் பருவத்தில் சும்மா கிடக்கும், பருவம் அடையும்போது தடித்து மரு மருவாகும். பிறகு அதில் கட்டி எழலாம், எழுவதில் பெரும்பாலானவை சாதுவானவை. எல்லோருக்கும் அறுத்து எடுக்க வேண்டியதில்லை, ஆனால் ஒருமுறை மருத்துவர் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். அங்கே முடி முளைக்கவில்லையே என்று வருடக்கணக்கில் மறுபடி மறுபடி மொட்டை போடுவதால் பயனில்லை. மயிர்க்காலே அங்கு சரியாக உருவாகவில்லை.

இப்படிப் புண்ணோ மச்சமோ இருந்தால் மழிப்பதைத் தள்ளிப்போடுவது, அந்த இடத்தை விட்டுவிடுவது பற்றி இமாமிடம் கேளுங்கள். அகீகாவுக்குச் சமையல்காரர் சொல்லியாகிவிட்டது என்பது பிள்ளையின் தலையில் கத்தி வைக்கக் காரணமாகாது.

ட்யூபும் கிளினிக்கும்

மருந்துக்கடையில் தலைச்சொறிக்கு என்று கேட்டதும் கிடைக்கும் ட்யூபுகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூஞ்சையின் மேல் அதைத் தடவினால் இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடியில் பரவும். லூபஸிலும் லைக்கனிலும் அதே ஸ்டீராய்டைத்தான் மருத்துவர் தருவார், ஆனால் எந்த வலிமை, எத்தனை நாள், எந்த இடம் என்று அளந்து தருவார். எது எந்த நோய் என்று தெரியாமல் தடவுவதில்தான் ஆபத்து. இத்தகைய பல களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதி கொண்டுவந்தது. கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை, சீட்டில்லாமல் கேட்பது நாம்தானே.

முடி நடும் கிளினிக்குகளின் விளம்பரங்கள் இப்போது எல்லார் செல்போனிலும் வருகின்றன. வடு விழும் நோய் ஓயாமல் இருக்கும்போது நட்ட முடியையும் அது தின்றுவிடும். நோய் அடங்கி ஓரிரு ஆண்டாவது ஆன பிறகே அதைப் பற்றி யோசிக்கலாம். தலைத்தோலைச் சோதிக்காமல் பணத்தைப் பற்றி முதலில் பேசுகிற இடத்தில் உட்காராதீர்கள்.

தோல் மருத்துவர் சதைச் சோதனை எடுக்க வேண்டும் என்று சொன்னால் பயப்பட வேண்டாம். புற்றுநோய் என்று சந்தேகப்பட்டுத்தான் எடுக்கிறார்கள் என்று நம் மக்கள் நினைத்துவிடுகிறார்கள். இது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலம், ஒரு மிளகின் அளவு. மரத்துப்போக ஊசி போட்டு, ஒன்றோ இரண்டோ துண்டு எடுத்து, தையல் போடுவார்கள். லூபஸா லைக்கனா என்பது கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத பல நேரங்களில் இதுதான் தீர்ப்புச் சொல்லும்.

தையலும் மருந்தும் இருக்கும்போது உளூ எப்படி என்று பெண்கள் கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் மஸ்ஹு கடமையாவது தலையின் கால் பகுதிக்குத்தான், நோயில்லாத பக்கத்தில் தடவிக்கொள்ளலாம். கடமையான குளிப்பில் தலை நனைக்க மருத்துவர் தடுத்தால் என்ன செய்வது என்பதை இமாமிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், சலுகை இருக்கிறது. இரவு மருந்தை இஷா தொழுத பின் பூசினால் பெரும்பாலான சிரமம் தீர்ந்துவிடும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அன்று பெண் மருத்துவர் இல்லையென்றால் சிகிச்சைக்காக ஆண் மருத்துவரிடம், கூட ஒரு மஹ்ரமோடு, தலையைக் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பார்ப்பதும் மருந்தும் இலவசம். தேனி போய், ஆண்டிபட்டி அல்லது மதுரை பஸ்ஸில் ஏறிக் க.விலக்கில் இறங்க வேண்டும். காலையில் சீக்கிரம் போய்விட்டால் சீட்டு வரிசையில் நிற்பது குறையும். தனியே போகத் தயங்கும் சகோதரிகள் ஜும்ஆ அன்று அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் நம் பெண் தொண்டர்களிடம் சொன்னால் கூட வருவார்கள், என்ன நோய் என்று யாரிடமும் சொல்ல மாட்டார்கள். பஸ் செலவுக்கு இயலாதவர்கள் அதையும் கூச்சமின்றிச் சொல்லலாம். போகிற அன்று தலையில் எண்ணெய் வைக்காதீர்கள், முந்தின நாளே அலசி விடுங்கள். இதுவரை தடவிய ட்யூப், சாப்பிட்ட மாத்திரை அட்டை, நாட்டு மருந்து எதுவானாலும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், வெங்காயம் தேய்த்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.